வலைப்பக்க வடிவமைப்பும் பி.காம். மாணவர்களும்

பி.காம். படிக்கும் மாணவர்களிடம் "சிஎஸ்எஸ் கற்றுக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "அதெல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ்காரங்க வேலைங்க. நமக்கு டேலியும் எக்செல்லும் போதாதா?" நியாயமான கேள்விதான். காஸ்ட் அக்கவுண்டிங், வருமான வரி, கம்பெனிச் சட்டம் என்று ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை இருக்கிறது. இதில் ஒரு வலைப்பக்கத்தின் நிறத்தையும் எழுத்தளவையும் பற்றிக் கவலைப்பட யாருக்கு நேரம்?

ஆனால் கொத்தமங்கலம் மாதிரி ஓர் ஊரில் இருந்து பார்த்தால் இந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடைக்கிறது. செட்டிநாட்டில், கானாடுகாத்தான் பக்கம் இருக்கும் ஊர் இது. இங்கே உள்ள சாரதா விலாஸ் என்ற பழைய பெரிய வீடு இன்று வெளிநாட்டுப் பயணிகள் வந்து தங்கும் விடுதியாக இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் விற்பதற்குப் பொருளுக்குப் பஞ்சமில்லை. ஆத்தங்குடிக் கல் இருக்கிறது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை இருக்கிறது. வீட்டிலேயே செய்து விற்கும் பலகாரம் இருக்கிறது. வாங்குகிறவர்கள் சென்னையிலும் இருக்கிறார்கள், சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். அவர்கள் பொருளைக் கையில் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் கைப்பேசித் திரையில்தான் பார்க்கிறார்கள். அந்தத் திரையில் பெயரும் விலையும் தமிழில் ஒழுங்காகத் தெரிகிறதா என்று பார்ப்பது வியாபாரத்தைச் சேர்ந்த வேலை. அதாவது வணிகவியல் மாணவரின் வேலை!

முதலில் சிஎஸ்எஸ் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். பயப்பட வேண்டாம், செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது ரொம்பச் சுலபம்.

வீடும் தரையும்

செட்டிநாட்டு வீடுகளின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். முன்னால் முகப்பு, அதைத் தாண்டினால் வளவு, அதற்குப் பின் இரண்டாம் கட்டு, கடைசியில் அடுப்படி. ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியே வரும் வீடுகளும் உண்டு. எந்த வீட்டில் நுழைந்தாலும் எது எங்கே இருக்கும் என்று ஊர்க்காரருக்குத் தெரியும். ஆனால் ஒரு வீட்டின் தரையில் ஆத்தங்குடிக் கல், இன்னொன்றில் இத்தாலியப் பளிங்கு. தூண்களுக்குப் பர்மாத் தேக்கு, சுவரில் பெல்ஜியம் கண்ணாடி. அமைப்பு ஒன்று, அலங்காரம் வேறு.

வலைப்பக்கமும் இப்படித்தான். எது தலைப்பு, எது பத்தி, எது பட்டியல், எது படம் என்று சொல்வது எச்டிஎம்எல். அது வீட்டின் அமைப்பு. தலைப்பு என்ன நிறம், பத்திக்குள் வரிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி, படத்தைச் சுற்றிக் கோடு வேண்டுமா என்று சொல்வது சிஎஸ்எஸ். அது தரையும் பூச்சும்.

ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இன்னும் ஒன்று புரியும். சட்டத்துக்குள் கண்ணாடியை வைத்து, அதன்மேல் உலோக அச்சை வைத்து, அச்சின் ஒவ்வோர் அறையிலும் நிறம் கலந்த சிமெண்ட் குழம்பை ஊற்றுவார்கள். அச்சை எடுத்தபின் மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போடுவார்கள். கண்ணாடியைப் பிரிக்கும்போது பளபளப்பான முகம் வெளியே வரும். அச்சு ஒன்றே ஒன்றுதான். அதில் சிவப்பும் ஊற்றலாம், பச்சையும் ஊற்றலாம். சிஎஸ்எஸ்-ல் ‘கிளாஸ்’ என்று ஒன்று வரும். ஒரு பெயரைக் கொடுத்து, அந்தப் பெயருள்ள எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே இடத்தில் நிறத்தைச் சொல்லிவிடலாம். நாளைக்கு நிறம் பிடிக்கவில்லை என்றால் ஓர் இடத்தில் மாற்றினால் போதும், நூறு பக்கங்களும் மாறிவிடும். (ஆத்தங்குடித் தரையில் இது முடியாது, பெயர்த்துத்தான் போட வேண்டும்!)

இதைக் கண்ணால் பார்க்க விரும்புவோர் ‘சிஎஸ்எஸ் ஜென் கார்டன்’ என்ற தளத்தைத் தேடிப் பாருங்கள். கனடாவைச் சேர்ந்த டேவ் ஷே 2003-ல் தொடங்கியது. எச்டிஎம்எல் பக்கம் ஒன்றே ஒன்றுதான். உலகம் முழுவதிலிருந்தும் வடிவமைப்பாளர்கள் சிஎஸ்எஸ்-ஐ மட்டும் மாற்றி அனுப்பினார்கள். ஒவ்வொன்றும் தனித்தனித் தளம் போலவே தெரியும். ஒரு சொல்கூட மாறியிருக்காது.

1494-ம் 1994-ம்

வணிகவியல் மாணவர்களுக்கு லூக்கா பாசியோலியைத் தெரியாமல் இருக்காது. இரட்டைப் பதிவு முறையை விளக்கும் அவருடைய நூல் 1494-ல் வெனிஸ் நகரில் அச்சானது. சரியாக 500 ஆண்டு கழித்து, 1994 அக்டோபரில், நார்வேக்காரரான ஹோகோன் வியூம் லீ என்பவர் சிஎஸ்எஸ் என்ற யோசனையை வெளியிட்டார். அப்போது அவர் சுவிட்சர்லாந்தில், டிம் பெர்னர்ஸ்-லீ வைய விரிவு வலையை உருவாக்கிய அதே செர்ன் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். நெதர்லாந்துக்காரரான பெர்ட் போஸ் அவருடன் சேர்ந்துகொண்டார். 1996 டிசம்பரில் முதல் சிஎஸ்எஸ் தரம் வெளியானது.

இரண்டு ஆண்டுகளுக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை. ஆனால் யோசனையில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. நடவடிக்கையைக் குறிப்பேட்டில் ஒரு முறை பதிகிறோம். அதே பதிவு பேரேட்டில் ஒரு வடிவத்திலும், இருப்பாய்வில் இன்னொரு வடிவத்திலும், ஐந்தொகையில் வேறொரு வடிவத்திலும் வருகிறது. வடிவம் மாறினாலும் அடிப்படைப் பதிவைத் தொடுவதில்லை. உள்ளடக்கத்தையும் தோற்றத்தையும் பிரித்து வைப்பது என்பது கணக்குப் படித்தவர்களுக்குப் புதிய பாடம் இல்லை.

சட்டமும் கூட்டாண்மைப் பத்திரமும்

சிஎஸ்எஸ் படிக்கும்போது எல்லோரும் முட்டி மோதிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. "தலைப்புக்குச் சிவப்பு நிறம் கொடுத்தேன், ஆனால் கறுப்பாகவே இருக்கிறதே!" என்று அரை நாள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். ஒரே பகுதிக்கு இரண்டு மூன்று விதிகள் வந்தால் எது வெல்லும் என்பதுதான் பிரச்சினை. சிஎஸ்எஸ்-ன் முதல் எழுத்தான ‘கேஸ்கேடிங்’ என்பதே இதைப் பற்றியதுதான். மேலிருந்து கீழே படிப்படியாக விழும் அருவி மாதிரி.

இதைப் பி.காம். பாடத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம். 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் என்ன சொல்கிறது? கூட்டாளிகளுக்குள் வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் லாபம் சமமாகப் பிரியும். பத்திரத்தில் 3:2 என்று எழுதியிருந்தால் பத்திரம்தான் வெல்லும். அதுபோல உலாவி தானாகவே சில தோற்றங்களை வைத்திருக்கும், அது சட்டம். நீங்கள் எழுதும் சிஎஸ்எஸ் கோப்பு, பத்திரம். பத்திரத்திலும் பொதுவான விதியைவிடக் குறிப்பிட்ட பகுதிக்கு என்று எழுதிய விதிக்கு வலு அதிகம். இரண்டும் சம வலு என்றால் பின்னால் எழுதியது நிற்கும். அவ்வளவுதான் விஷயம்.

இன்னொரு முக்கியமான பாடம் ‘பாக்ஸ் மாடல்’. பக்கத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் ஒரு பெட்டி. நடுவில் உள்ளடக்கம், அதைச் சுற்றி உள்ளே விட்ட இடம் (பேடிங்), பிறகு சுவர் (பார்டர்), சுவருக்கு வெளியே அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சந்து (மார்ஜின்). இந்த நான்கையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி சிஎஸ்எஸ் வந்துவிட்டது என்று சொல்லலாம்.

ஆச்சியின் விலைப்பட்டியல்

படித்தால் மட்டும் போதாது, ஏதாவது ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும். கொத்தமங்கலத்து மாணவி ஒருத்தி பக்கத்து வீட்டு ஆச்சியின் பலகாரங்களுக்கு ஒரு பக்கம் செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதிரசம், தேன்குழல், மாவுருண்டை, சீப்புச் சீடை, மனகோலம். பெயர், எடை, விலை. மூன்று பத்தி உள்ள ஓர் அட்டவணை, ஒரு படம், ஒரு தொலைபேசி எண். முதல் வலைப்பக்கத்துக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

முதல் நாள் அவள் செய்வது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பின்னணியில் ஒரு பூப்படம், அதன்மேல் மஞ்சள் எழுத்து, தலைப்பு ஓடிக்கொண்டே இருக்கும். கொண்டுபோய்க் காட்டினால் ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "என்னத்தா இது, எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு?" என்று கேட்பார். "பெருசாக்கித் தர்றேன் ஆச்சி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அவள் செய்ய வேண்டிய திருத்தங்கள்தான் உண்மையான வடிவமைப்புப் பாடம்.

ஒன்று, எழுத்தளவு. உலாவியின் வழக்கமான அளவு 16 பிக்சல். தமிழுக்கு 18 வைத்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

இரண்டு, நிற வேறுபாடு. 2008-ல் வெளியான இணைய அணுகல் வழிகாட்டுதல்கள், எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்று சொல்கின்றன. வெள்ளைமேல் மஞ்சள் அதில் பக்கத்திலேயே வராது. வெள்ளைமேல் அரக்குச் சிவப்பு (நிற எண் #800000) தாராளமாகத் தேறும். கண்டாங்கிச் சேலையின் அரக்கையும் கறுப்பையும் எடுத்துக்கொண்டாலே பக்கத்துக்கு ஊர்க்களை வந்துவிடும்.

மூன்று, விலைப் பத்தி. கணக்குப் புத்தகத்தில் தொகையை இடப்பக்கம் ஒட்டி எழுதினால் பேராசிரியர் விடுவாரா? 80, 240, 1,150 என்ற மூன்றும் வலப்பக்கம் ஒட்டி, ஒன்றின் கீழ் ஒன்று, ஒற்றை இலக்கத்தின் கீழ் ஒற்றை இலக்கம் வரவேண்டும். ‘டெக்ஸ்ட்-அலைன்’ என்ற ஒரே வரியில் இது முடியும். ‘டேபுலர்-நம்ஸ்’ என்ற வசதி எழுத்துருவில் இருந்தால் எல்லா இலக்கமும் ஒரே அகலத்தில் வரும். இதைக் கணினித் துறை மாணவர் மறந்துவிடலாம். கணக்குப் படித்தவர் கண்ணில் உடனே உறுத்தும். வெளிநாட்டு வார்ப்புருக்கள் ஒரு லட்சத்தை 100,000 என்று காட்டும்போது, அதை 1,00,000 என்று மாற்றத் தோன்றுவதும் அவருக்குத்தான்.

நான்கு, திரையின் அகலம். பக்கத்தைக் கணினியில் செய்தாலும் பார்க்கப்போவது கைப்பேசியில். திரைக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும் வடிவமைப்பு என்ற கருத்தை ஈதன் மார்காட் 2010-ல் எழுதினார். அதற்குத் தேவையான ‘மீடியா கொயரி’ 2012-ல் தரமாக அறிவிக்கப்பட்டது. குறுகிய திரையில் படம் மேலேயும் பட்டியல் கீழேயும் போகும்படி நாலைந்து வரிகளில் சொல்லிவிடலாம்.

தமிழுக்குத் தனிக் கவனம்

இணையத்தில் கிடைக்கும் இலவச வார்ப்புருக்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்தவை. அதில் தமிழைக் கொண்டுபோய் ஒட்டினால் என்ன நடக்கும்?

ஆங்கிலத் தலைப்புகளில் எழுத்துகளுக்கு இடையே இடைவெளி விட்டு அழகு பார்ப்பார்கள். தமிழில் அப்படி விட்டால் சொல் உடைந்ததுபோலத் தெரியும். ‘எல்லாம் பெரிய எழுத்து’ என்ற கட்டளைக்குத் தமிழில் பொருளே இல்லை. சாய்வெழுத்தும் அப்படித்தான். பல தமிழ் எழுத்துருக்களுக்குத் தனிச் சாய்வு வடிவம் கிடையாது, உலாவி இருக்கிற எழுத்தையே பிடித்துச் சாய்த்துவிடும். தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவைத் தடிமனாக்கினால் ‘ஞ’, ‘ணை’ போன்ற எழுத்துகளின் உள்வெளிகள் அடைபட்டுக் கறுப்புத் திட்டாகிவிடும்.

வரி இடைவெளியும் முக்கியம். ‘கீ’யின் சுழி மேலே போகிறது, ‘ஞூ’வின் வால் கீழே போகிறது. ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளியில் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் முட்டிக்கொள்ளும். ‘லைன்-ஹைட்’ 1.6 அல்லது 1.7 வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். ‘கொடுக்கப்பட்டிருக்கின்றன’ போன்ற நீளச் சொற்கள் சின்னப் பொத்தானுக்குள் அடங்காது. பொத்தானைப் பெரிதாக்க வேண்டும், அல்லது ‘தந்துள்ளோம்’ என்று சொல்லைச் சிறிதாக்க வேண்டும். இரண்டாவதுதான் பெரும்பாலும் நல்லது!

எழுத்துரு இன்று தட்டுப்பாடில்லை. கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ், எக் டைப் குழுவினரின் முக்தா மலர், பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரன், இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸின் பவனம், கவிவனார் என்று பல இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு வரி சிஎஸ்எஸ்-ல் பக்கத்தோடு இணைத்துவிடலாம். இந்த ஒரு வரி இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் அதற்குப் பின்னால் உள்ள கதை பலருக்குத் தெரிவதில்லை.

அதிராம்பட்டினத்துத் தேனீ

காரைக்குடியிலிருந்து திருவாரூர் போகும் ரயில் பாதையில் அறந்தாங்கி, பேராவூரணி, பட்டுக்கோட்டை தாண்டினால் வருவது அதிராம்பட்டினம். அந்த ஊர்க்காரர் உமர்தம்பி. துபாயில் வேலை பார்த்து ஊர் திரும்பியவர்.

ஒருங்குறியில் தமிழுக்கு 1991-லேயே இடம் இருந்தது. ஆனால் 2000-களின் தொடக்கத்தில் பல வீடுகளிலும் இணைய மையங்களிலும் இருந்தது விண்டோஸ் 98. அதில் தமிழ் எழுத்துரு கிடையாது. லதா எழுத்துரு விண்டோஸ் 2000-த்தோடுதான் வந்தது. ஆகவே ஒருவர் எவ்வளவு அருமையாகத் தமிழில் எழுதினாலும், பார்ப்பவரின் திரையில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். எழுத்துருவை இறக்கி நிறுவச் சொன்னால் இணைய மையத்தில் மணிக்குக் காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவர் செய்வாரா?

இதற்கு ஒரு வழி இருந்தது. எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பிவிடுவது. 1998-ல் வந்த இரண்டாம் சிஎஸ்எஸ் தரத்தில் ‘ஃபான்ட்-ஃபேஸ்’ என்ற விதி அதற்காகவே இருந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் மட்டும் அதை ஆதரித்தது. உமர்தம்பி ‘தேனீ’ என்ற ஒருங்குறி எழுத்துருவை உருவாக்கி, அதை இப்படி இயங்கும் எழுத்துருவாக எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். வலைப்பதிவு தொடங்கிய தமிழர்கள் பலர் தங்கள் வார்ப்புருவைத் திறந்து, அர்த்தம் தெரிந்தோ தெரியாமலோ, அந்த ‘ஃபான்ட்-ஃபேஸ்’ வரிகளை ஒட்டிக்கொண்டார்கள். அவர்களில் எத்தனையோ பேருக்கு வாழ்க்கையில் தொட்ட முதல் சிஎஸ்எஸ் அதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், மற்ற உலாவிகள் இந்த வசதியைக் கொண்டுவரப் பல ஆண்டுகள் ஆயின. சஃபாரியில் 2008-ல் வந்தது, ஃபயர்ஃபாக்ஸில் 2009-ல் வந்தது, கூகுள் ஃபான்ட்ஸ் 2010-ல் தொடங்கியது. ஆங்கிலத் தளங்களுக்கு அது பெரும்பாலும் அலங்காரத்துக்கான வசதி. தமிழுக்கு, எழுத்து தெரிகிறதா இல்லையா என்ற கேள்வி. உமர்தம்பி 2006 ஜூலையில் காலமானார். 2010-ல் கோவையில் நடந்த செம்மொழி மாநாட்டையொட்டிய தமிழ் இணைய மாநாட்டில் ஓர் அரங்குக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

ஒரு சிறிய ஊரில் உட்கார்ந்து ஒருவர் தேவை தெரிந்து செய்த வேலை உலகெங்கும் உள்ள தமிழர்கள் படிக்க உதவியது. "நமக்கு எதுக்குங்க இது?" என்று கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

எப்படித் தொடங்குவது?

தமிழிலேயே படிக்க விரும்புவோருக்கு து.நித்யா எழுதிய ‘எளிய தமிழில் எச்டிஎம்எல்’, ‘எளிய தமிழில் சிஎஸ்எஸ்’ என்ற மின்னூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2012-ல் தொடங்கிய கணியம் இதழிலும் கட்டுரைகள் உள்ளன. ஆங்கிலத்தில் மோசில்லாவின் எம்டிஎன் தளமும், ஃப்ரீகோட்கேம்ப் தளமும் இலவசம். ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டி மூன்று மாதச் சான்றிதழ் வகுப்பில் சேர்வதற்கு முன்னால் இவற்றை ஒரு மாதம் முயன்று பாருங்கள்.

முதல் வாரம்: நோட்பேடில் எச்டிஎம்எல் மட்டும். சிஎஸ்எஸ் கூடாது. பக்கம் அழகில்லாமல் இருக்கட்டும், அமைப்பு சரியாக இருக்கட்டும். எழுத்துக் குறியீடு யூடிஎஃப்-8 என்றும், மொழி தமிழ் என்றும் பக்கத்தின் தொடக்கத்திலேயே சொல்லிப் பழகுங்கள்.

இரண்டாம் வாரம்: நிறம், எழுத்துரு, எழுத்தளவு, வரி இடைவெளி. மொத்தம் இரண்டு எழுத்துரு, மூன்று நிறம், அதற்குமேல் வேண்டாம்.

மூன்றாம் வாரம்: பாக்ஸ் மாடல். உலாவியில் வலது சொடுக்கி ‘இன்ஸ்பெக்ட்’ என்பதைத் திறந்து, பிடித்த தளங்களின் பெட்டிகளை அளந்து பாருங்கள். அடுத்தவர் செய்ததைத் திறந்து பார்த்தே கற்றுக்கொள்ளலாம் என்பது இந்தத் தொழிலின் பெரிய வசதி.

நான்காம் வாரம்: கைப்பேசித் திரை. உங்கள் கைப்பேசி போதாது. வீட்டிலேயே பழைய, மலிவான கைப்பேசி யாரிடம் இருக்கிறதோ அதை வாங்கி, நடுப்பகல் வெயிலில் தெருவில் நின்று பாருங்கள்.

"இப்போதுதான் சாட்ஜிபிடியிடம் கேட்டால் எல்லாம் எழுதிக் கொடுத்துவிடுகிறதே?" என்று கேட்கலாம். கொடுக்கும்தான். கேட்டு வாங்குவதில் தவறும் இல்லை. ஆனால் அது கொடுத்த பக்கத்தில் ‘கீ’யின் சுழி மேல்வரியில் முட்டுகிறதா, விலைப் பத்தி கோணலாக இருக்கிறதா, ஆச்சிக்கு எழுத்து தெரிகிறதா என்று பார்த்து, எந்த வரியை மாற்றச் சொல்ல வேண்டும் என்று தெரிய வேண்டுமே? டேலி ஐந்தொகையைத் தானே போட்டுக் கொடுக்கிறது என்பதற்காகப் பற்று வரவு தெரியாமல் யாரும் கணக்காளர் ஆகிவிட முடியாது. இதுவும் அப்படித்தான்.

விடுமுறையில் ஒரு மாதம், தினம் ஒரு மணி நேரம். ஊரில் ஒரு கடை, ஒரு தறி, ஒரு கல் பட்டறை, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து அவர்களுக்காக ஒரே ஒரு பக்கம் செய்து கொடுங்கள். காசு வாங்கிக்கொண்டு செய்தாலும் சரி, ஒரு பொட்டலம் சீப்புச் சீடைக்குச் செய்தாலும் சரி :)